நான் தாண்டிப்போன பதினொரு கதவுகள்

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டாள். வீடுவீடாகப் போய் ஆய்வுக்குத் தகவல் எடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவள். அவளுடைய குழுவுக்கு நான் இரண்டு நாள் வகுப்பு எடுத்திருந்தேன். ஓய்வு பெற்ற கிழவர்களைப் பிடித்துவந்து வகுப்பு எடுக்கவைப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. மாதிரியில் தங்களுக்கு விழுந்த வீடு மூன்று நாளாகப் பூட்டிக்கிடக்கிறது, பக்கத்து வீட்டில் கேட்டு அந்தப் படிவத்தை நிரப்பிவிடலாமா, மற்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். பணிவாகத்தான் கேட்டாள். நான்தான் பணிவாகப் பதில் சொல்லவில்லை. "பக்கத்து வீட்டை எழுதுவதென்றால் வீட்டிலிருந்தே கற்பனையில் எழுது பிள்ளை, பஸ் காசாவது மிஞ்சும்" என்று கத்திவிட்டு தொலைபேசியை வைத்துவிட்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு யோசித்தால் வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் கேட்டுவிட்டாவது செய்ய நினைத்தாள். அவளுடைய வயதில் நான் யாரையும் கேட்கவில்லை. ஏன் கத்தினேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பும் பயிற்சியும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்தேன். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் மற்றவர்கள் கூட்டியதைத் திரும்பக் கூட்டிச் சரிபார்த்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் பதுளைக்கு மாற்றம் வந்தது. நண்பர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்து ரயில் ஏற்றிவிட்டார்கள். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும், நெற்றிக்கு ஒரு டப்பா விபூதியும், தலை நிறையக் கர்வமுமாகப் போய் இறங்கினேன்.

பதுளையில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஞானமுத்து. அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், கிறிஸ்தவர். முன்பு எங்கேயோ கணித ஆசிரியராக இருந்தவர். நெடிய மனிதர், கொஞ்சம் கூன். வெந்நீரைத் தவிர வேறெதுவும் குடிக்கமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதை விரலால் தொட்டு, "இது எப்பிடித் தெரியும்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை விரலை எடுக்கமாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அந்த விரல் எத்தனை தரம் என்னைப் பட்டினி போட்டிருக்கிறது.

அவர் சட்டைப்பையில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஓர் அட்டை இருக்கும். ஒழுங்கே இல்லாத எண்கள் வரிசை வரிசையாக அதில் ஒட்டப்பட்டிருக்கும். இப்போது எழுமாற்று மாதிரி என்று பிள்ளைகள் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி எடுக்கிறார்களே, அதை நாங்கள் அந்த அட்டையை வைத்துத்தான் எடுத்தோம். கண்ணை மூடிப் பென்சில் முனையை எங்காவது வைக்க வேண்டும். அங்கிருந்து கீழ்நோக்கி வாசித்துக்கொண்டு போக வேண்டும். எந்த எண் வருகிறதோ அந்தக் கதவுக்குப் போக வேண்டும்.

முதல் நாளே அவர் எனக்கு அட்டையைக் காட்டிச் சொன்னார்: "இந்த அட்டைக்கு ஒருத்தரையும் தெரியாது. துரையைத் தெரியாது, கங்காணியைத் தெரியாது, உம்மையும் தெரியாது. அதாலைதான் இது சொல்லுற கதவுக்குப் போகோணும். கதவு பூட்டிக் கிடந்தால் வேற வேற நேரத்திலை மூண்டு தரம் போம். பிறகும் பூட்டிக் கிடந்தால் பூட்டிக் கிடந்தது எண்டு எழுதும். பக்கத்துக் கதவுக்குப் போகாதையும்."

தலையாட்டினேன். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை இதுதான். தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி நமுனுகுல மலைப்பக்கமாக ஏறிப் போனால் ஒரு பெரிய தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அதற்கு இரண்டு பிரிவுகள்; மலையில் பிரிவைக் கணக்கு என்பார்கள். கீழே தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கீழ்க்கணக்கு, மூன்று மைல் ஏறினால் மேற்கணக்கு. அங்கே பிரசவத்தில் தாய்மாரும் பிறந்த சில நாட்களில் குழந்தைகளும் இறந்துகொண்டிருந்தார்கள். அரசாங்கம் ஒரு மருத்துவச்சியைத் தருவதாகவும், தோட்டம் ஒரு பிரசவ அறை கட்டித் தருவதாகவும் ஒப்பந்தமாகியிருந்தது. ஒரு மருத்துவச்சி, ஓர் அறை. அது மேலேயா கீழேயா என்பதுதான் கேள்வி. எங்கே அதிகம் சாகிறார்களோ அங்கே என்று முடிவு செய்தார்கள். எங்கே அதிகம் சாகிறார்கள் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

தோட்டத்துப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஞானமுத்து அந்தப் புத்தகத்தின் மேல் விரலை வைத்தார். பிறந்து நாலைந்து நாளில் போன குழந்தையைப் பதிய ஒருவரும் வேலையை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வருவதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பள்ளத்து ஓரமாகப் புதைத்துவிட்டு மறுநாள் மலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே புத்தகத்தின்படி அந்தத் தோட்டத்தில் குழந்தைகள் சாவது அபூர்வம். வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

எப்படிக் கேட்பது என்பதற்கு மட்டும் ஞானமுத்து மூன்று வாரம் செலவழித்தார். முதலில் "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று பதுளை டவுனில் பத்துப் பன்னிரண்டு தாய்மாரிடம் கேட்டுப் பார்க்க என்னை அனுப்பினார். எல்லாரும் உயிரோடு இருக்கிற பிள்ளைகளை மட்டும் சொன்னார்கள். இறந்ததைச் சொல்லக்கூடாது என்றில்லை, கேள்வி அதைக் கேட்கவில்லை. அதனால் அவர் படிவத்தையே மாற்றினார். முதல் பிரசவத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பெயர் கேட்க வேண்டும், பெயரைச் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று கேட்க வேண்டும். பெயர் வைக்குமுன் இறந்திருந்தால் 'பெயரிடப்படாதது' என்று எழுத ஓர் இடம். இன்றைக்கு இதற்கெல்லாம் செல்லுபடித்தன்மை என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் சொன்ன பெயர் எளிது: நீர் கேட்கிறதாக நினைக்கிற கேள்வியைத்தான் கேட்கிறீரோ?

ஐப்பசியில் வேலை தொடங்கினோம். எல்லாக் காம்பராக் கதவுகளிலும் தாரால் எண் போட்டாயிற்று. லயத்து அறையைக் காம்பரா என்பது அங்கத்தைய பேச்சு. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. அட்டையை வைத்து மேலே அறுபது கதவு, கீழே அறுபது கதவு எடுத்தோம். இரண்டு கணக்கிலும் நான் ஒருவனே கேட்க வேண்டும் என்பது ஞானமுத்துவின் ஏற்பாடு. ஒரே ஆள், ஒரே கேள்வி, ஒரே பென்சில். அப்போதுதான் இரண்டையும் ஒப்பிடலாம் என்றார்.

மேற்கணக்கில் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் முத்துக்கருப்பன் என்ற கங்காணி, ஆட்களை மேற்பார்க்கிறவர். பழைய கோட்டும் தலைப்பாகையுமாக இருப்பார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஒரு கதவுக்கு முன்னால் என்னை நிறுத்தினார். நிலையில் வாடிய வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அந்த உயரத்தில் வேம்பு வராது; வெல்லவாயப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வருவார்கள். வாசலின் குறுக்கே ஒரு விளக்குமாறு கிடந்தது. கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை.

"தீட்டுங்க ஐயா. புள்ளப் பெத்த காம்பரா, பதினாறு கழியல. நீங்க சைவக்காரவுக. பக்கத்துக் காம்பராவுல எழுதிக்குவோம்" என்றார்.

அவருக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். தோட்டத்தில் தீட்டு என்பதை எங்களூரில் துடக்கு என்போம். துடக்கு வீட்டு வாசலை மிதித்துவிட்டு வந்தால் என் அம்மா கிணற்றடியைக் காட்டுவாளே தவிர அடுக்களைக்குள் விடமாட்டாள். அந்த வளர்ப்பு ஒரு பக்கம். அந்த மலையில் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் தலைமுழுக வேண்டுமே என்ற பயம் இன்னொரு பக்கம். அந்த மக்களுடைய வழக்கத்தை மதிக்கிறேன் என்று மூன்றாவதாக ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டேன். அதுதான் கேட்க நன்றாக இருந்தது, அதனால் அதையே நம்பினேன்.

விதிப்படி நான் அந்தப் படிவத்தில் போக முடியவில்லை என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பதினாறு நாள் கழிந்த பிறகு திரும்பி வந்திருக்க வேண்டும். நான் பக்கத்துக் காம்பராவுக்குப் போய், அங்கே சொன்னதை எழுதி, படிவத்தின் தலைப்பில் தாண்டிப்போன கதவின் எண்ணைப் போட்டேன். படிவம் நிறைந்துவிட்டது. நிறைந்த படிவம் பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும் என்று இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை கங்காணி சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விளக்குமாற்றைக் கண்டதும் என் கால் தானாகப் பக்கத்துக்குத் திரும்பியது. மேற்கணக்கில் இப்படிப் பதினொரு கதவுகள்.

கீழ்க்கணக்கில் ஒன்றுகூட இல்லை. அங்கே இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் வேதக்காரர்கள், ஞானமுத்துவைப்போல் கிறிஸ்தவர்கள்; ஒரு சின்ன மாதா கோயிலும் இருந்தது. வேப்பிலையும் இல்லை, விளக்குமாறும் இல்லை. பிறந்து மூன்று நாளான குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே தாய் என் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். முந்தின கிழமை குழந்தையைப் பறிகொடுத்தவள் அழுதுகொண்டு சொன்னாள், நான் பொறுமையாக இருந்து எழுதினேன். நான் இரக்கமுள்ளவன் என்றுகூட அன்று எனக்குத் தோன்றியது.

நான் முட்டாள் இல்லை. கணிதம் படித்தவன். மழையும் பனியும் இறங்குகிற அந்த மாதங்களில்தான் பச்சைக் குழந்தைகள் அதிகம் போகும் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். குழந்தைகளின் சாவை எண்ணப் போனவன், அண்மையில் பிள்ளை பெற்ற வீடுகளையும் பிள்ளை செத்த வீடுகளையும் மட்டும் பார்த்துப் பார்த்துத் தாண்டியிருக்கிறான். அதுவும் ஒரு மலையில் மட்டும். இதை ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சொன்னால் சிரிப்பான். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததை எடுத்து வெளிச்சத்தில் பார்க்காமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

படிவக் கட்டைக் கொண்டுபோய் ஞானமுத்துவின் மேசையில் வைத்தேன். நூற்றிருபது படிவத்தையும் ஒன்றொன்றாகப் புரட்டினார். ஒரு காலை முழுவதும் ஆனது. வெந்நீர் ஆறிப்போனது. கடைசியில் மேற்கணக்குக் கட்டின்மேல் விரலை வைத்தார்.

"ஒரு மலை முழுக்க ஒரு கதவுகூடப் பூட்டிக் கிடக்கேல்லையோ?"

"இல்லை, சேர்."

விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துவிட்டார். நான் சொன்னதை ஏற்று அவர் விரலை எடுத்த முதல் தடவை அது. அறிக்கை எழுதினோம். கீழ்க்கணக்கில்தான் அதிகம் சாகிறார்கள் என்று வந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இரண்டு கட்டிலோடு ஓர் அறை எழும்பியது. துரையின் மனைவி நாடா வெட்டினாள், எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். மருத்துவச்சி வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம், மழைக்கு முன்னால், அந்த அறைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லி ஞானமுத்து என்னை அனுப்பினார். மருத்துவச்சியின் புத்தகத்தில் மேற்கணக்குப் பெயர் இரண்டோ மூன்றோதான் இருந்தது. ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "வலி எடுத்த பொம்பள மூணு மைல் எறங்கி வரணுங்களே" என்றாள். மேலே போய்க் கேட்டு எழுதுவோம் என்று காலையிலேயே ஏறத் தொடங்கினேன்.

பாதி வழியில், தேயிலைக்கு நடுவே பாதை வளைகிற இடத்தில், மேலிருந்து ஆட்கள் வருவதைக் கண்டேன். முன்னால் முத்துக்கருப்பன் கங்காணி. பின்னால் நாலு பேர், ஒரு கம்பில் கம்பளியைத் தூளிபோலக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கங்காணி என்னைக் கண்டு வழக்கம்போல் தலைப்பாகையைத் தொட்டார், ஆனால் நிற்கவில்லை. நான் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி வழிவிட்டேன். தூளிக்குள் ஒரு பெண் முனகுவது கேட்டது. முந்தின நாளிலிருந்து வலி என்றும், விடியட்டும் என்று காத்திருந்ததாகவும் கங்காணி போகிற போக்கில் சொன்னார். நான் ஏறுவதை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலையின் கூரை தெரிகிற இடத்துக்கு வந்தபோது முனகல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. கங்காணி கையைக் காட்டி நிறுத்தினார். தூளியைப் பாதையோரமாக இறக்கினார்கள். அவர் கம்பளியை விலக்கிப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கீழே தொழிற்சாலை இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மருத்துவச்சியைக் கூட்டிவரவா என்று நான் கேட்டேன். கங்காணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "திருப்புங்கப்பா" என்றார். நாலு பேரும் கம்பைத் தூக்கி, அந்த ஒடுங்கிய பாதையில் ஒருவரையொருவர் இடிக்காமல் சுற்றித் திரும்பி, வந்த வழியே ஏறத் தொடங்கினார்கள். பிள்ளையும் தாயோடு போய்விட்டது.

புருஷன்காரர் மட்டும் மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பெயர் வீராச்சாமி. இறந்தவள் காமாட்சி. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, நான் அப்போது பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். பிரசவச் சாவைக் கண்டால் குறிக்க வேண்டும் என்பது எங்கள் உத்தரவு. எத்தனையாவது பிள்ளை என்று கேட்டேன். நாலாவது என்றார். மற்றப் பிள்ளைகள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் தங்கலீங்க. கடைசியா ஒண்ணு போன மழையில போச்சு. ஐயா எண்ண வந்தீங்களே, அந்த வாரந்தான்."

காம்பரா எண்ணைக் கேட்டேன். சொன்னார். அந்த எண்ணின் படிவம் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. இரண்டு ஆண் பிள்ளைகள், இரண்டும் சுகம் என்று என் கையெழுத்தில் இருந்தது. அது பக்கத்துக் காம்பராக்காரருடைய பிள்ளைகள்.

உங்கள் வீட்டுக்கு நான் வரவில்லையே என்றேன். இந்த வார்த்தையை ஏன் சொன்னேனோ.

"வந்தீங்கய்யா. வாசல்ல நின்னீங்க. கங்காணி தீட்டுன்னாரு, பக்கத்துக்குப் போயிட்டீங்க. அவ உள்ளாரதான் உக்காந்திருந்தா. கேப்பீங்க, சொல்லுவோம்னு காத்துக்கிட்டிருந்தா."

அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. என்னிடம் கோபப்படலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. எழுந்து, தூளி போன வழியே ஏறிப் போனார்.

நான் தெமோதரைக்கு நடந்து, ரயில் பிடித்து, அன்று பின்னேரமே பதுளை அலுவலகத்தில் ஞானமுத்துவின் முன்னால் நின்றேன். முழுவதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். எத்தனை கதவு என்று கேட்டார். பதினொன்று என்றேன். எண்கள் என்றார். பதினொன்றையும் பார்க்காமலே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

"நான் கேட்டனான்தானே."

"ஓம், சேர்."

"நீர் இல்லை எண்டனீர்."

"ஓம், சேர்."

அவர் ஏசியிருந்தால், வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் உம்மை நம்பினனான். அது என்ரை பிழை. ஆளை நம்புறதுக்கு எனக்குச் சம்பளம் தாறேல்லை" என்றார். பிறகு அலுமாரியைத் திறந்து பதினொரு வெற்றுப் படிவங்களை எண்ணி எடுத்து என் கையில் வைத்தார்.

"போய்க் கேளும். இனியும் துடக்கெண்டால் வெளியிலை நிண்டு கேளும். அவையள் உள்ளையிருந்து சொல்லுவினம். காது துடக்குப்படாது."

இத்தனை எளிய வழி இருந்திருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். அன்றைக்கு அது என் மூளைக்கு எட்டவில்லை, எட்ட நான் விடவுமில்லை.

பத்துக் கதவுகளுக்கும் நாலு நாளில் போனேன். ஒரு கதவை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். அந்தப் பத்திலும் என்ன கேட்டேன் என்று விரிவாக எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒரே ஒரு காம்பராவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரு சாவாவது இருந்தது. அவற்றைச் சேர்த்துக் கூட்டினால் மேற்கணக்கு கீழ்க்கணக்கை நன்றாகத் தாண்டிப் போனது. அறை மேலே இருந்திருக்க வேண்டும்.

இதனால் என்ன நடந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய அறிக்கை தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஞானமுத்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். பிழை தன்னுடையது என்று எழுதினார். என் பெயர் அதில் இல்லை. என் பெயரைச் சேருங்கள் என்று நான் கேட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நான் கேட்கவில்லை. கட்டடம் எழும்பிவிட்டது, திறப்பு விழாவும் நடந்துவிட்டது, வேறு மருத்துவச்சி இல்லை, வரும் வருடங்களில் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. சில மாதத்தில் அவரைக் கொழும்புக்கு மாற்றினார்கள். மூலையில் ஒரு மேசை கொடுத்து, பழைய கோப்புகளை அடுக்கச் சொன்னார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். எனக்கு அவர் இடம் கிடைத்தது. மேற்கணக்குக்கு மருத்துவச்சி போனபோது நான் பதுளையிலேயே இல்லை.

இனி அந்தப் பதினோராவது கதவு.

காமாட்சியின் பதினாறு நாளும் கழிந்த பிறகு, ஒரு பின்னேரம் தனியாகப் போனேன். கங்காணியைக் கூப்பிடவில்லை. வீராச்சாமி வாசலில் குந்தியிருந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். படிவம் ஒன்று எழுத வேண்டும், போனமுறை எழுதாமல் விட்டுவிட்டேன் என்றேன். வாசலிலேயே நின்று கேட்கலாம் என்று நின்றேன்.

"உள்ள வாங்கய்யா. இப்பத் தீட்டு ஒண்ணும் இல்ல" என்றார்.

உள்ளே போனேன். ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, தூசி தட்டி, உட்காரச் சொன்னார். அவர் தரையில் உட்கார்ந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் கொழுந்துக்கூடை ஒன்று சும்மா கிடந்தது. நான் படிவத்தை மடியில் விரித்தேன். முதல் பிரசவம், பெயர் என்றேன். முருகேசு என்றார். இப்போது எங்கே என்று கேட்க வேண்டும், கேட்டேன். சொன்னார். இரண்டாவது, பொன்னுத்தாயி. கேட்டேன். சொன்னார். மூன்றாவதுக்கு வந்தோம்.

பிறந்து ஏழு நாள்தான் இருந்தது, பெயர் வைக்கிற நாள் வரவில்லை என்றார். பரவாயில்லை, அதற்கு இதில் இடம் இருக்கிறது என்று சொல்லி 'பெயரிடப்படாதது' என்று எழுதப் போனேன்.

"இல்லீங்க. பேரு வச்சா" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"செத்த மறுநாளு வச்சா. புள்ளைங்க பேர யோசிச்சு வச்சிருங்க, பேரு இல்லாம எழுத முடியாதுன்னு பெரட்டுல ஐயா சொன்னீங்கள்ல. நான்தான் வந்து அவகிட்ட சொன்னேன். எம்புள்ளைய எழுதாம விட்டுருவாங்கன்னு, அவளா ஒரு பேர வச்சுக்கிட்டா."

நான் சொன்னது உண்மை. காலையில் ஆட்கள் வேலைக்குப் பிரிந்து போகுமுன் வரிசையாக நிற்கும் பெரட்டில், என் வேலை சுருக்கமாக முடியட்டும் என்று அப்படிச் சொன்னேன். படிவத்தில் இடம் இருக்கிறது என்பதைச் சொல்லச் சோம்பல். அவள் விளக்குமாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இந்தப் பக்கம் நின்றுவிட்டுப் போனேன்.

என்ன பெயர் என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. செத்ததுக்கு என்னடி பேருன்னு நான் அதட்டிப்புட்டேன். அப்ப ஐயாகிட்டயே சொல்லிக்கிறேன்னு இருந்துட்டா. பொறகு நானும் கேக்கல, அவளும் சொல்லல."

மூன்றாவது வரியில் பென்சிலை வைத்தபடி இருந்தேன். பெயரிடப்படாதது என்று எழுதினால் அது பொய். ஏதாவது ஒரு பெயரைப் போட்டால் அதுவும் பொய். கடைசியில் 'பெயர் தெரியாது' என்று எழுதினேன். பிறந்தது ஆண், இருந்தது ஏழு நாள் என்று பக்கத்தில் எழுதினேன். படிவத்தை மடித்தேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன எழுதியாச்சுங்களா?" என்று கேட்டார்.

எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.